இரண்டாவது கையெழுத்து

லிஃப்ட்டக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தை மறுநாள் காலையிலேயே பிரித்து மேசைமேல் பரப்பி வைத்தவள். மாப்பிள்ளை அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பாவம், அவர் வேன் ஓட்டுகிறவர். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்கிற கட்சி.

பதினெட்டு வருடமாக அவளுக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. நாற்பது கட்டடங்கள் அவள் பொறுப்பு. மாதம் ஒரு முறை போய் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமைத் திறந்து மோட்டார், பிரேக், கம்பிக்கயிறு, கதவின் மின் கான்டாக்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவாள். ஆறு வயதுப் பொடியனிலிருந்து அறுபது வயதுப் பெரியவர் வரை எல்லாருக்கும் அவள் லிஃப்ட்டக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மெஷின் ரூமில் ஓர் அட்டை தொங்கும். செய்த வேலைகளை வரிவரியாக அதில் எழுதி, செய்தவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதோடு முடியாது. அதே வேலையை இன்னொருவர் தனியாக வந்து, முதலிலிருந்து பார்த்து, இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் லிஃப்ட் நகரக் கூடாது. அக்காவுக்கு இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவர் மீசை என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி. பெரிய மனிதர்தான், ஆனால் அவரை நம்பி ஒரு திருகாணியைக்கூடப் பார்க்காமல் விட மாட்டாள். அவரும் அப்படியே. இந்தச் சட்டத்தின்மேல் அக்காவுக்கு அப்படியொரு பக்தி. "ஒரு ஜோடிக் கண்ணு தான் பாக்க நினைக்கிறதைத்தான் பாக்கும். அதான் ரெண்டாவது ஜோடி" என்று சாப்பாட்டு மேசையில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தது யார்? மகள். வாண்டு என்பது வீட்டுப் பெயர். வயது பதிமூன்று.

ஒருநாள் காலை பள்ளிக்குக் கிளம்பி ஷூ எல்லாம் மாட்டிய பிறகு, வாண்டு திரும்ப உள்ளே போய் அடுப்பின் குமிழைப் பார்த்துவிட்டு வந்தாள். "கேஸ் மூடியிருக்கான்னு பாத்தேன்மா." அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தாயைப் போலப் பிள்ளை என்று மீசையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அடுத்த வாரம் குமிழோடு இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தது. அதற்கடுத்த வாரம் குளியலறைக் குழாய். பிறகு வாசற்கதவின் பூட்டு, ஒரு தடவை, மூன்று தடவை, ஏழு தடவை. படியில் இறங்கிய பெண் திரும்ப ஏறினாள். முகம் வெளிறி, உதடு உலர்ந்து, "அம்மா, நான் பாத்தது உண்மையிலேயே பாத்தேனா?" என்று கேட்டாள்.

வேறு அம்மாக்களாக இருந்தால் அதட்டியிருப்பார்கள், அல்லது கட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அட்டை போட்டாள்! தன் தொழிலில் இருக்கிற மாதிரியே, கோடு போட்டு, நான்கு வரி எழுதி, "பார்த்தவர்" என்று ஒரு கட்டம், "மறுபடி பார்த்தவர்" என்று ஒரு கட்டம். வாசலில் ஆணியடித்து மாட்டினாள். "நீ பாத்து கையெழுத்துப் போடு. அப்புறம் நான் பாத்து போடுறேன். அதுக்கு மேல சந்தேகமே வரக் கூடாது, என்ன?" வாண்டு தலையாட்டினாள். அன்றைக்கு இரண்டு நிமிடத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஆகா, எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது என்று அக்கா விசிலடித்துக்கொண்டே வேலைக்குப் போனாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுதான் நடந்தது. பதினோரு வாரத்தில் நான்கு வரி பத்தொன்பது வரியானது. ஒரு சுற்று மூன்று சுற்றானது. கையெழுத்து நேராக இல்லாவிட்டால் புது அட்டை. முதல் பாடவேளை போனது, பிறகு அரைநாள் போனது, பிறகு ஒன்பது நாள் அவள் பள்ளிக்கே போகவில்லை. வருகை இன்னும் குறைந்தால் இதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டியதுதான் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். ஆனால் பெண்ணுக்குச் சிரிப்பு போய்விட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் கேட்கும் கேள்வியெல்லாம் குமிழைப் பற்றி, பூட்டைப் பற்றி, குழாயைப் பற்றி. வேறு எதையும் அந்தக் குழந்தை கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

வேன்காரர் விடிவதற்கு முன்பே சரக்கு ஏற்றப் போய்விடுகிறவர். காலையில் நடக்கிற கூத்தை அவர் பார்த்ததில்லை. "வளர்ற வயசு. போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

"பிரேக் சத்தம் போட்டா போகப் போகச் சரியாயிடும்னு ஓட்டுவீங்களா?"

"அது வேன்மா."

"இது பொண்ணுங்க."

மறுநாள் வேன்காரரே போய்க் குடும்ப டாக்டரிடம் நேரம் வாங்கிவந்தார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைப் பார்த்தார், வைட்டமின் எழுதினார். "வைட்டமின் எப்படிங்க பூட்டைப் பாக்கறதை நிறுத்தும்?" என்று அக்கா உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். டாக்டர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். வகுப்பாசிரியை, "எல்லாரும் தன்னையே கவனிக்கணும்னு பண்றா" என்றார். தன்னை யாருமே பார்க்கக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கு இப்படியொரு கண்டுபிடிப்பு! நாத்தனார் போனில் ஒரு மணி நேரம் பேசினார். சாரம் இதுதான்: பெண் கெட்டதற்குக் காரணம் செல்லம், செல்லத்துக்குக் காரணம் வேலைக்குப் போகிற அம்மா. அக்கா போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவி முடித்து வந்து, "சரிங்க அண்ணி" என்று வைத்தாள்.

மனதை ஒருமுகப்படுத்தும் மையம் என்று ஒன்று. கண்ணாடிக் கதவு, சோபா, கழுத்தில் டை கட்டிய ஆள். "மூணே வாரம் மேடம், கேரண்டி."

"நீங்க இன்னும் என் பொண்ணைப் பாக்கவே இல்லையே?"

"பாக்காமலே சொல்றோம்னா எங்க அனுபவம் அப்படி."

பதினெட்டு வருடத்தில் அக்கா ஒன்று கற்றிருந்தாள். மூடியைத் திறக்காமலே கேரண்டி கொடுக்கிறவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். இருபது நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். பிறகு வந்த குரல் இளம்பெண்ணுடையது, ஆனால் அந்தப் பெண் ஒன்று செய்தாள். கேட்டாள். நடுவில் குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, "இது உங்க பொண்ணு வேணும்னு பண்றதில்லைங்க. இந்த மாதிரி பயத்துக்குன்னே சிகிச்சை இருக்கு. குழந்தைகளைப் பாக்குற ஆலோசகரா தேடுங்க. போனா ரெண்டு கேள்வி கேளுங்க. இதுக்கு என்ன முறையில வேலை செய்வீங்க? பெத்தவங்களுக்கு அதுல என்ன வேலை? ரெண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதவங்ககிட்ட போகாதீங்க" என்றாள். அக்கா சட்டைப்பை நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம் என்று அவளுக்கு அனுமதி கொடுத்த முதல் ஆள் அந்தப் பெண்தான்.

அந்த வாரம் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் மாதாந்திர வேலை. தரைத்தளத்தில் லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது பெயர்ப் பலகைகளைச் சும்மா படித்தாள். கணக்காளர், பல் டாக்டர், பயண முகவர். நான்காம் தளம்: குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநல ஆலோசனை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! மூன்று வருடமாக மாதாமாதம் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறாள். கண்ணு தான் பார்க்க நினைக்கிறதைத்தான் பார்க்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்.

வேலை உடுப்பு, கையெல்லாம் கிரீஸ். அப்படியே நான்காம் தளத்தில் இறங்கி உள்ளே போனாள். வரவேற்பில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க லிஃப்ட்டக்கா. என்ன, லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?"

"லிஃப்ட் நல்லாத்தான் ஓடுதுங்க. என் பொண்ணுதான்..."

இத்தனை வாரம் டாக்டரிடமும் ஆசிரியையிடமும் மையத்து ஆளிடமும் வாய் ஓயாமல் பேசியவள், அந்த இடத்தில் கையிலிருந்த கிரீஸை உடுப்பில் துடைக்க ஆரம்பித்தாள். வரவேற்பாளர் கேள்வி எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டார். கிரீஸ் படும் என்று அக்கா உட்காரத் தயங்கினாள். "பட்டா துடைச்சுக்கலாம்" என்றார் அவர். காத்திருப்போர் பட்டியல் நீளம். ஐந்து வாரம் கழித்துத்தான் இடம் கிடைத்தது.

ஆலோசகர் அக்காவைவிட இளையவர். சளி பிடித்திருந்தது போல, பேச்சுக்கு நடுவே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். இவருக்கே ஜலதோஷம், இவர் என்னத்தைச் சரிசெய்யப் போகிறார் என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. முதலில் வாண்டுவோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். வெளியே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய உயிர் துடித்தது. கதவில் காதை வைக்காமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவளையும் கூப்பிட்டார்கள். அக்கா முதல் கேள்வியை நோட்டைப் பார்த்தே கேட்டாள். "எந்த முறையில வேலை செய்வீங்க மேடம்?"

"பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எதிர்கொள்ளப் பழகறது. ரொம்பச் சின்னதுலேருந்து ஆரம்பிச்சு, பாப்பா சம்மதிச்ச அளவுக்கு மட்டும். பூட்டைத் திரும்பப் பாக்காம இருந்தா பயம் ஏறும். ஏறின பயம் அதுவா இறங்கவும் செய்யும். எப்பவுமே உடனே போய்ப் பாத்துடறதால, அது இறங்கும்னு பாப்பாவுக்குத் தெரியவே வாய்ப்பில்லாமப் போச்சு. அதைக் கண்டுபிடிக்க வைக்கறதுதான் வேலை."

அக்கா இதை ரசித்தாள். இறங்குமா? எவ்வளவு நேரத்தில் இறங்கும்? எல்லாருக்கும் ஒரே நேரமா? ஆலோசகர் சிரித்தார். "அது எனக்கும் தெரியாது. பாப்பா அளந்து சொல்வா. பயம் பூஜ்யத்துலேருந்து பத்து வரைக்கும். இப்ப உட்கார்ந்திருக்கும்போது எத்தனைம்மா?"

"அஞ்சு" என்றாள் வாண்டு. கொஞ்சம் யோசித்து, "அஞ்சரை" என்றாள்.

"ஆனா காரணம் தெரியணுமே மேடம்? ஏன் வந்ததுன்னு தெரியாம எப்படிச் சரிபண்றது?"

"உங்க லிஃப்ட்டுல வர்ற எல்லாக் கோளாறுக்கும் காரணம் கண்டுபிடிச்சுட்டுத்தான் ஓட வைக்கிறீங்களா?"

கான்டாக்டைத் துடைத்துவிட்டால் காரணம் சொல்லாமலே போய்விடுகிற கோளாறுகள் எத்தனையோ. மீசைக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த தொழில் ரகசியம் அது.

"சரி, ரெண்டாவது கேள்வி. இதுல என் வேலை என்ன?" இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். பையிலிருந்து ஒரு கனத்த ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் நாளிலிருந்து போட்ட அட்டைகள் அத்தனையும், தேதிவாரியாக, இரண்டு கையெழுத்தோடு. "ஒருநாள்கூட விடலை மேடம். நீங்க தேட வேண்டிய அவசியமே இல்லாம எல்லாம் பதிவு பண்ணியிருக்கேன்." இதைப் பார்த்து ஆலோசகர் அசந்துபோவார் என்று அவள் நினைத்தாள். யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

ஆலோசகர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. பிறகு வாரத்துக்கு ஓர் அட்டை வீதம் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான்கு வரி. ஆறு வரி. ஒன்பது வரி. பதின்மூன்று. பத்தொன்பது.

"உங்க அட்டை இது. உங்களுக்குத்தான் படிக்கத் தெரியும். என்ன தெரியுது?"

அக்கா குனிந்து பார்த்தாள். வேலைப் பழக்கம், எண்களை மட்டும் பார்த்தாள். இரண்டாவது கையெழுத்து ஒவ்வொன்றின் கீழும் அழகாக, ஒரே மாதிரி, அவளுடையது. கையெழுத்து விழுந்த ஒவ்வொரு வாரத்துக்கு அடுத்த வாரமும் வரிகள் கூடியிருந்தன. ஒரு வாரம்கூட விதிவிலக்கு இல்லை. இல்லை, ஒன்று இருந்தது. அவள் காய்ச்சலில் படுத்து, கையெழுத்துப் போடாத வாரம்; அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அதற்கு அடுத்த வாரம் மட்டும் வரி கூடவில்லை.

"அடக் கடவுளே" என்றாள்.

அக்காவுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். "அப்போ நான்தான் நோயா? பெத்து, வளர்த்து, தினம் பொழுதுவிடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, பத்தொன்பது வரியை மூணு சுத்து பாத்து... நான்தான் கெடுத்தேனா?"

"இல்லைங்க. இதை நீங்க உண்டாக்கலை. நீங்க அட்டை போடாட்டியும் இது வந்திருக்கும். உங்க கையெழுத்து பாப்பாவுக்கு ஆறுதல். ஆனா பயத்துக்கு அது தீனி. ஒவ்வொரு தடவை நீங்க போடும்போதும், 'ஆமா, பாக்க வேண்டிய ஆபத்து இருக்கு, உன்னால தனியா முடியாது'ன்னு பயம் அதை எடுத்துக்குது. உங்களை மாதிரிதான் எல்லா அம்மா அப்பாவும் பண்றாங்க. சிலர் பதில் சொல்லுவாங்க, சிலர் கூடவே நின்னு பாப்பாங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்க. அவ்வளவுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அட்டை போடற அம்மாவை நான் பாக்கறது இதுதான் முதல் தடவை. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

வாண்டு தரையிலிருந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்மா" என்றாள் மெதுவாக. "நீ போட்டதும் நல்லா இருக்கும். லிஃப்ட் வாசல் வரைக்கும் நல்லா இருக்கும். அப்புறம் நீயும் சரியா பாக்கலையோன்னு தோணும். உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை." இப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.

அக்காவின் குணம், மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றாள். அட்டையைக் கிழிக்கிறேன், ஆணியைப் பிடுங்குகிறேன். ஆலோசகர் கையைக் காட்டித் தடுத்தார். திடுதிப்பென்று நிறுத்தினால் அது குழந்தைக்குத் தண்டனை. எதை முதலில் விடுவது, எந்த நாளில் விடுவது என்பதை வாண்டுதான் சொல்ல வேண்டும். வாண்டு நிறைய நேரம் யோசித்தாள். குழாயை மூன்று என்றாள், இஸ்திரிப் பெட்டியை ஐந்து என்றாள். குமிழைப் பத்து என்றாள். குழாயிலிருந்து தொடங்கினார்கள்.

அக்காவுக்கும் பாடம் உண்டு. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்டாள். அதுவும் கையெழுத்துதான், வாயால் போடுகிற கையெழுத்து என்றார் ஆலோசகர். அப்படியானால் என்ன சொல்வது? "எனக்கும் தெரியலை, என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு சொல்லுங்க. அப்புறம் எத்தனைன்னு கேளுங்க. பக்கத்துல இருங்க. போதும்."

கேட்பதற்கு எளிது. குழந்தை கையைப் பிசைந்துகொண்டு, "ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லும்மா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சும்போது நாக்கு நுனிக்கு வந்த சொல்லை விழுங்கிப் பாருங்கள், அப்போது தெரியும். குழாய்க்கு இரண்டு வாரம் ஆனது. வேன்காரர் ஒரு வாரம் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு காலையில் வீட்டில் இருந்தார். முதல் நாள் பெண் அழுததைப் பார்த்துத் தானே ஓடிப்போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா மூடியிருக்குடா செல்லம்" என்று சொல்லிவிட்டார். வாண்டு அழுகையை நிறுத்தி, "அப்பா, இப்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று கண்டித்தாள். அவர் அசடு வழிந்தார். மூன்று என்று நினைத்த குழாய் நேரில் ஏழாக இருந்தது. அந்த வாரம் ஏழு ஆறானது, இறங்க நாற்பது நிமிடம் என்றது இருபத்தைந்தானது. அக்கா அவற்றைக் குறித்து வைக்கத் துடித்தாள். குறிப்பதும் வாண்டுவின் வேலை என்று ஆலோசகர் சொல்லிவிட்டிருந்தார். மெஷின் ரூமில் இதையெல்லாம் கேட்ட மீசை, "பயம் இறங்குறதுக்கும் பிரேக் இருக்கா அக்கா?" என்றார். இருவரும் வேலையை விட்டுவிட்டு அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

இஸ்திரிப் பெட்டி போனது. பூட்டு ஒரு தடவைக்கு வந்தது. ஒரு வாரம் சறுக்கி எல்லாம் திரும்ப வந்தது. ஆலோசகர் சறுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தும், அந்த வாரம் அக்கா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு மெல்ல மெல்ல ஏறினார்கள். பள்ளிக்கு அரைநாள், முக்கால் நாள். கணக்குப் பார்த்தால் இன்னும் மூன்று நாளுக்குமேல் விடுப்பு ஆனால் வருடம் போய்விடும் என்கிற நிலை. மிச்சம் இருந்தது குமிழ் ஒன்றுதான்.

"புதன்கிழமை" என்றாள் வாண்டு. "நான் ஒரு தடவை மூடுவேன். திரும்பிப் பாக்க மாட்டேன். நீயும் பாக்கக் கூடாது. கையெழுத்து கிடையாது. கீழ போய் வாசல் கேட் பக்கத்து பெஞ்சுல உட்காந்து, நம்பர் இறங்கினதும் ஸ்கூலுக்குப் போறேன்."

புதன்கிழமை வந்தது. வாண்டு பால் காய்ச்சினாள், தானே அடுப்பை அணைத்தாள், குமிழைத் திருப்பினாள், திரும்பினாள். அக்கா சமையலறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள், பார்த்துவிடக் கூடாதே என்று. வாசலுக்கு வந்ததும் பெண்ணின் கால் நகரவில்லை. "அம்மா." குரல் கம்மியது. "அம்மா, ஒரே ஒரு கையெழுத்து. இன்னிக்கு மட்டும். நாளைக்குக் கேக்க மாட்டேன்."

சட்டைப்பையில் பேனா இருந்தது. பதினெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அக்காவின் கை அதன்மேல் போய் நின்றது. போட்டுவிட்டால் இந்த நடுக்கம் நின்றுவிடும். இரண்டே நொடி. குழந்தை பள்ளிக்குப் போய்விடும். வருடம் தப்பும். யாருக்கும் தெரியாது. பெற்றவளுக்குப் பிள்ளை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதைவிடக் கொடுமை உலகத்தில் கிடையாது, யார் என்ன சொன்னாலும் சரி.

"எத்தனைடா?" என்றாள்.

"ஒம்பது. பத்து. தெரியலை. வீடு எரிஞ்சுபோனா?"

"எனக்கும் தெரியலை" என்றாள் அக்கா. பேனாவிலிருந்து கையை எடுத்தாள். "என்ன ஆகுதுன்னு பாக்கலாம், வா."

வாண்டு அவளை வெறுப்போடு பார்த்தாள். அந்தப் பார்வையை அக்கா வாங்கிக்கொண்டாள். பிறகு வாண்டு கதவைச் சாத்தி, ஒரு முறை பூட்டி, சாவியை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, மூன்று மாடியும் படியில் விழுந்தடித்து இறங்கினாள்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் கடந்து போனார்கள். ஒரு பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நிமிடம். வாண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பத்து நிமிடம். "ஒம்பது" என்றாள். பிறகு "எட்டரை." 

"அம்மா."

"ம்."

"நீ ஏன் மேலயே பாக்குற?"

அக்கா திடுக்கிட்டாள். தலை பின்னால் சாய்ந்து, கண் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவளுக்கே தெரியாது. கையில் சாவி உள்ளங்கையைப் பதம்பார்க்கும் அளவுக்கு இறுகியிருந்தது.

"சும்மாதான்."

"பொய். உனக்கு எத்தனை?"

ஆலோசகர் எத்தனையோ சொல்லிக்கொடுத்திருந்தார். இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு தனக்குள்ளேயே எட்டிப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றின் மூடியையும் திறந்து பார்த்தவள் இதை மட்டும் திறந்ததில்லை. மார்பு அடித்துக்கொண்டிருந்தது. கால் விரல்கள் ஷூவுக்குள் மடங்கியிருந்தன.

"ஒம்பது" என்றாள்.

"ஒம்பதா? உனக்கா?" வாண்டு முழங்காலை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்தாள். அம்மாவின் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள், இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்க்கிற மாதிரி. "எங்க பண்ணுது? வயித்துலயா, நெஞ்சுலயா? எப்பவுமே இருக்குமா? வேலைக்குப் போகும்போதும் வருமா? மீசை மாமாவுக்குத் தெரியுமா?"

கேள்விகள். குமிழைப் பற்றியோ பூட்டைப் பற்றியோ இல்லாத கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அக்கா தெரிந்தவரை உண்மையான பதிலைச் சொன்னாள். நெஞ்சில். ஆமாம், வரும். இல்லை, யாருக்கும் தெரியாது.

"உனக்கு எத்தனை இப்போ?" என்று கடைசியில் கேட்டாள்.

வாண்டு கொஞ்சம் யோசித்தாள். அவள் அதை மறந்தே போயிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. "அஞ்சு. இல்ல, நாலு இருக்கும்."

"அப்போ போடா. பெல் அடிச்சுடப்போகுது. முதல் பீரியட் போயிடும்."

வாண்டு பையைத் தோளில் மாட்டினாள். எழுந்தாள். அம்மாவைப் பார்த்தாள், மேலே ஜன்னலைப் பார்த்தாள், திரும்பவும் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பையோடு பக்கத்திலேயே உட்கார்ந்து, சாவியிருந்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல உன் நம்பர் இறங்கட்டும். நான் இப்பப் போனா, நீ மேல ஓடிப்போய்ப் பாத்துடுவே."